எல்லையோர நண்பர் குழுவுக்கு ஏற்ற ஃபேன்டசி லீக் எது? புதிதாகத் தொடங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் சோதனைச் சாவடிகளுக்குக் கேரளப் பக்கமாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்டும் கால்பந்தும் ஒரே அளவுக்குச் சொந்தமானவை. கோடையில் வீட்டுத் தொலைக்காட்சியில் சென்னை அணியின் ஐபிஎல் ஆட்டம் ஓடுகிறது. அறுவடை முடிந்த வயல்களிலோ அணிக்கு எழுவர் ஆடும் செவன்ஸ் கால்பந்து நடக்கிறது. மலையாள நாளேடுகளின் விளையாட்டுப் பக்கங்களில் லிவர்பூலும் ஆர்சனலும் உள்ளூர் அணிகளைப்போல விரிவாக எழுதப்படுகின்றன. கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்து வாசகசாலைகளிலும் விளையாட்டு மன்றங்களிலும் கூடும் இளைஞர்கள் தங்களுக்குள் ஒரு ஃபேன்டசி லீக் தொடங்க விரும்பினால், அவர்கள் முதலில் முடிவு செய்யவேண்டியது எந்த விளையாட்டு என்பதைவிட எந்த வடிவம் என்பதைத்தான். இக்கட்டுரை அந்த முடிவுக்காக எழுதப்படுகிறது.

ஃபேன்டசி லீக் என்பது உண்மையான ஆட்டக்காரர்களைக் கொண்டு நாம் காகிதத்திலோ கைபேசியிலோ ஓர் அணியை அமைத்து, அவர்கள் மைதானத்தில் செய்வதற்கு ஏற்ப நமக்குப் புள்ளிகள் சேரும் போட்டி. நாம் தேர்ந்தெடுத்த பதினொருவர் ஒன்றாக ஓர் ஆட்டமும் ஆடுவதில்லை. ஒருவர் லண்டனிலும் இன்னொருவர் மான்செஸ்டரிலும் ஆடுவார். அவரவர் அடித்த கோல், தடுத்த கோல், எடுத்த ஓட்டம், வீழ்த்திய விக்கெட் ஆகியவை நம் கணக்கில் வந்து சேரும். இதன் இன்றைய வடிவத்துக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்க எழுத்தாளர் டேனியல் ஓக்ரன்ட். அவர் 1980-இல் நியூயார்க்கில் தம் நண்பர்களுடன் பேஸ்பால் ஆட்டக்காரர்களை ஏலம் எடுத்து ஒரு லீக் நடத்தினார். நண்பர்கள் கூடும் உணவகத்தின் பெயரே அந்த லீக்குக்கும் வந்தது. கணினி வீடுகளுக்கு வராத காலமாகையால், நாளேட்டில் வரும் ஆட்டக் குறிப்புகளைப் பார்த்துக் கையால்தான் கணக்கிட்டார்கள். பெரிய நிறுவனங்களும் செயலிகளும் பின்னர் வந்தவை. அறிமுகமானவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து நடத்துவதே இதன் மூல வடிவம் என்பதை நினைவில் வைப்பது, பின்னால் வரும் ஒப்பீட்டுக்கு உதவும்.

புதிதாகத் தொடங்கும் ஒரு குழுவின் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. இங்கிலாந்துக் கால்பந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கின் அதிகாரபூர்வ ஃபேன்டசி ஆட்டத்தில் ஒரு தனி லீக் அமைப்பது முதல் வழி. அதே பிரீமியர் லீக்கை டிராஃப்ட் முறையில், ஓர் ஆட்டக்காரர் ஒருவருக்கே என்ற விதியோடு ஆடுவது இரண்டாவது. ஒவ்வொரு கிரிக்கெட் ஆட்டத்துக்கும் தனியாக ஓர் அணி அமைக்கும் செயலிகளில் சேருவது மூன்றாவது. ஐபிஎல் தொடங்குமுன் தாங்களே ஓர் ஏலம் நடத்தி, தாங்களே கணக்கு வைத்துக்கொள்வது நான்காவது.

பிரீமியர் லீக்கின் பொது வடிவம்

2002-03 பருவத்திலிருந்து நடந்துவரும் இந்த ஆட்டத்தில் சேருவதற்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொருவருக்கும் 10 கோடி பவுண்டு, அதாவது 100 மில்லியன், கற்பனைப் பணமாகத் தரப்படுகிறது. அதற்குள் 2 கோல்கீப்பர்கள், 5 தடுப்பாட்டக்காரர்கள், 5 நடுக்கள ஆட்டக்காரர்கள், 3 முன்கள ஆட்டக்காரர்கள் என 15 பேரை வாங்கவேண்டும். ஒரு கிளப்பிலிருந்து மூவருக்கு மேல் எடுக்க முடியாது. சராசரியாக ஓர் ஆட்டக்காரருக்கு 6.7 மில்லியனுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. 2024-25 தொடக்கத்தில் எர்லிங் ஹாலண்டின் விலை 15, முகமது சலாவின் விலை 12.5. இருவரையும் சேர்த்து வாங்கியவருக்கு மீதி 13 பேருக்கு 72.5 மில்லியன் மட்டுமே இருந்தது, தலைக்கு 5.6-ஐக்கூட அது எட்டவில்லை. யாருக்காக யாரை விட்டுக்கொடுப்பது என்ற இந்தக் கணக்குதான் ஆட்டத்தின் முதல் பாடம்.

புள்ளிகள் வரும் வழி ஆட்டக்காரரின் இடத்தைப் பொறுத்தது. 60 நிமிடத்துக்குக் குறையாமல் ஆடினால் 2 புள்ளி, அதற்குக் குறைவாக ஆடினால் 1. ஒரு கோலுக்கு முன்கள ஆட்டக்காரருக்கு 4, நடுக்கள ஆட்டக்காரருக்கு 5, தடுப்பாட்டக்காரருக்கு 6. கோல் அடிக்க உதவியவருக்கு 3. அணி கோல் வாங்காமல் முடித்தால் கோல்கீப்பருக்கும் தடுப்பாட்டக்காரருக்கும் 4, நடுக்கள ஆட்டக்காரருக்கு 1. மஞ்சள் அட்டைக்கு 1 குறையும், சிவப்பு அட்டைக்கு 3 குறையும். ஒவ்வோர் ஆட்டத்திலும் சிறந்து ஆடியவர்களுக்கு 1 முதல் 3 வரை கூடுதல் புள்ளிகள் உண்டு. 2025-26 பருவத்திலிருந்து பந்தைத் தடுப்பது, குறுக்கிட்டுப் பறிப்பது போன்ற தற்காப்புப் பணிகளைக் குறித்த அளவுக்குச் செய்தவர்களுக்கு 2 புள்ளிகள் சேர்க்கப்பட்டன. கோல் அடிப்பவர்களை மட்டுமே அறிந்திருக்கும் புதியவருக்கு, அமைதியாக உழைக்கும் தடுப்பாட்டக்காரரையும் கவனிக்கும் காரணத்தை இந்த விதி தருகிறது.

இந்த விதிகள் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்குச் சலாவே நல்ல எடுத்துக்காட்டு. மைதானத்தில் முன்களத்தில் நின்று கோல் அடிப்பவரான அவரை, 2024-25 பருவத்தில் இந்த ஆட்டம் நடுக்கள ஆட்டக்காரராக வகைப்படுத்தியிருந்தது. அந்தப் பருவத்தில் அவர் அடித்த 29 கோல்களுக்கு மட்டும் 145 புள்ளிகள் கிடைத்தன. முன்கள ஆட்டக்காரராக வகைப்படுத்தியிருந்தால் 116 மட்டுமே வந்திருக்கும். மொத்தம் 344 புள்ளிகள் பெற்று, இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே ஒரு பருவத்தில் மிக அதிகப் புள்ளிகள் எடுத்தவரானார். ஆகவே ஆட்டக்காரரின் பெயருக்கு அருகில் உள்ள வகையைப் பார்க்காமல் வாங்குவது கூடாது.

வாரந்தோறும் 15 பேரில் 11 பேரைக் களமிறக்கி, ஒருவரைக் கேப்டனாக்கவேண்டும். கேப்டனின் புள்ளிகள் இரட்டிப்பாகும். அவர் ஆடாவிட்டால் அந்த இரட்டிப்பு வைஸ் கேப்டனுக்குப் போகும். களமிறக்கியவர்களில் யாராவது ஆட வராவிட்டால், பெஞ்சில் நாம் வைத்த வரிசைப்படி அடுத்தவர் தானாக உள்ளே வருவார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஆட்டக்காரரைக் கட்டணமின்றி மாற்றலாம். அதற்கு மேல் மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளிகள் கழிக்கப்படும். பயன்படுத்தாத மாற்றங்களை ஐந்து வரை சேர்த்துவைக்க 2024-25 முதல் வழி செய்யப்பட்டது. முழு அணியையும் ஒரே முறையில் மாற்றுவது, கேப்டனுக்கு மூன்று மடங்கு பெறுவது போன்ற சிறப்பு வாய்ப்புகளும் உண்டு. புதியவர்கள் முதல் இரண்டு மாதங்களுக்கு அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது.

நம் பகுதியினருக்கு உண்மையான இடையூறு நேரம்தான். ஒரு சுற்றின் முதல் ஆட்டம் தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்பே அணி பூட்டப்படும். சனிக்கிழமை இங்கிலாந்து நேரம் 12:30-க்கு முதல் ஆட்டம் என்றால், அங்குக் கோடை நேரம் இருக்கும் மாதங்களில் நமக்கு அது மாலை 5 மணி. எனவே பிற்பகல் 3:30-க்குள் அணியை முடிக்கவேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பின் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதால் அதே கெடு 4:30 ஆகிறது. வெள்ளி இரவு ஆட்டத்தோடு சுற்று தொடங்கினால் கெடு இரவு 11 மணி, குளிர்காலத்தில் நள்ளிரவு. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளிலும் கோயம்புத்தூர் ஆலைகளிலும் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் இந்த நேரங்களைக் கைபேசி அலாரத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால் வாரங்கள் கைநழுவும். ஆயினும் ஒரு வாரம் மறந்துவிட்டாலும் முந்தைய அணியே தொடர்ந்து ஆடும் என்பது இந்த வடிவத்தின் பெரிய கருணை.

டிராஃப்ட் முறை

டிராஃப்டில் விலையும் இல்லை, பணமும் இல்லை. குழுவில் உள்ளவர்கள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுக்கிறார்கள். ஒருவர் எடுத்த ஆட்டக்காரரை மற்றவர் எடுக்க முடியாது. எட்டுப் பேர் உள்ள லீக்கில் முதல் சுற்று ஒன்றிலிருந்து எட்டுக்கும், இரண்டாம் சுற்று எட்டிலிருந்து ஒன்றுக்கும் திரும்பி வரும். முதலில் எடுத்தவர் அடுத்ததாக 16-ஆவது இடத்தில்தான் எடுப்பார். கடைசியாக நின்றவருக்கு 8, 9 என அடுத்தடுத்து இரண்டு வாய்ப்புகள் கிடைக்கும். பிரீமியர் லீக்கின் அதிகாரபூர்வ டிராஃப்ட் ஆட்டத்தில் கேப்டனும் கிடையாது. பருவத்தின் நடுவில் யாரிடமும் இல்லாத ஆட்டக்காரரை எடுக்கப் பலர் விரும்பினால், அட்டவணையில் பின்தங்கியவருக்கு முன்னுரிமை கிடைக்கும் வகையில் வரிசை அமைகிறது.

விளையாட்டாக எடுத்துக்கொண்டால் இதுவே பொது வடிவத்தைவிட உயர்ந்தது என்பது என் கருத்து. பொது வடிவத்தில் நல்ல ஆட்டக்காரர் ஒருவரைப் பத்துப் பேரில் ஒன்பது பேர் வைத்திருப்பார்கள். அவர் கோல் அடித்தால் ஒன்பது பேரும் ஒரே அளவு உயர்வார்கள், அட்டவணை அசையாது. டிராஃப்டிலோ அந்தக் கோல் ஒருவருடைய கோல். இரவு பன்னிரண்டு மணிக்குத் தூக்கத்தை விட்டு ஒரு நடுத்தர அணியின் ஆட்டத்தை உற்றுப் பார்க்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

ஆனால் புதியவர்களுக்கு இதை நான் முதலில் பரிந்துரைக்கமாட்டேன். இருபது கிளப்புகளில் வழக்கமாகக் களமிறங்குவோர் ஏறத்தாழ 220 பேர். எட்டுப் பேர் தலைக்கு 15 என எடுத்தால் 120 பேர் போய்விடுவார்கள். பத்தாம் சுற்றுக்குப் பிறகு பெயரே கேள்விப்படாத தடுப்பாட்டக்காரர்களில் யார் தொடர்ந்து ஆடுவார் என்று தெரிந்திருக்கவேண்டும். பதினாறு பேர் சேர்ந்தால் 240 பேரை எடுக்கவேண்டிவரும். அதாவது பெஞ்சில் அமர்பவர்களையும் எடுத்தாகவேண்டும். பிரீமியர் லீக்கை மூன்று நான்கு ஆண்டுகள் பார்த்தவருக்கும் நேற்றுப் பார்க்கத் தொடங்கியவருக்கும் உள்ள இடைவெளி முதல் நாளிலேயே முடிவாகிவிடும். இதைவிடப் பெரிய சிக்கல், ஒருவர் நவம்பரில் ஆர்வம் இழந்து விலகினால் அவர் பிடித்துவைத்திருக்கும் பதினைந்து பேரும் மே மாதம் வரை பூட்டிய அறையில் கிடப்பார்கள் என்பது. பொது வடிவத்தில் ஒருவர் விலகினால் மற்றவர்களுக்கு இழப்பு ஏதுமில்லை.

ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி

மூன்றாவது வழியே இந்தியாவில் மிகப் பரவலாக அறியப்பட்டது. 2008-இல் தொடங்கப்பட்ட ட்ரீம்11 போன்ற செயலிகளில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் மோதும் இரு அணிகளிலிருந்து 11 பேரை, 100 கிரெடிட் வரம்புக்குள், தேர்ந்தெடுக்கவேண்டும். கேப்டனுக்கு இரண்டு மடங்கு, வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. டாஸ் போட்டவுடன் ஆடும் பதினொருவர் யார் என்று தெரிந்துவிடுகிறது. ஐபிஎல் இரவு ஆட்டமென்றால் 7 மணி டாஸுக்கும் 7:30 தொடக்கத்துக்கும் இடையிலான அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். பிரீமியர் லீக்கில் கெடு முடிந்த பிறகே அணிப் பட்டியல் வருவதால், இந்த ஒரு வகையில் மட்டும் இது புதியவருக்கு எளிதானது.

கற்றுக்கொள்வதற்கோ இதில் இடம் மிகக் குறைவு. 22 பேரிலிருந்து 11 பேரை எடுக்கும் வழிகள் மட்டும் 7,05,432. அவற்றில் ஒவ்வொன்றிலும் கேப்டன், வைஸ் கேப்டன் இணையை 110 விதமாக வைக்கலாம். விதிகளால் கழிபவற்றைக் கழிக்காமல் பார்த்தால் மொத்தம் 7 கோடியே 75 இலட்சத்தைத் தாண்டுகிறது. இலட்சக்கணக்கானோர் சேரும் ஒரு போட்டியில் முதலிடம் பெறுவதற்கு, கிரிக்கெட்டை அறிந்திருப்பது தேவை. ஆனால் அது போதாது. இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு நல்ல மட்டையாளர் முதல் பந்திலேயே வெளியேறலாம். அந்த இழப்பை ஈடுசெய்ய அடுத்த வாரம் என்று ஒன்று இல்லை. அடுத்த நாள் புதிய அணி, புதிய கணக்கு. முப்பத்தெட்டுச் சுற்றுகள் நடக்கும் லீக்கில் தவறான தேர்வு பிறகு நேராகும், சரியான தேர்வு பிறகு பலன் தரும். ஒரே ஆட்டத்தில் அதற்கு இடமில்லை.

பணத்தைப் பற்றி இங்கேதான் தெளிவாகப் பேசவேண்டும். இந்த வகைப் போட்டிகள் திறமையால் ஆடப்படுபவை என்று பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து பல மாநிலங்களில் கட்டணப் போட்டிகள் நடந்தன. ஆந்திரம் 2020-இல் சட்டத் திருத்தத்தின் மூலம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுத்தது. தமிழ்நாடு 2022-இல் கொண்டுவந்த தனிச் சட்டம் ஃபேன்டசி போட்டிகளைத் தடுக்கவில்லை. கேரளத்தில் ஆன்லைன் ரம்மிக்கு எதிரான அரசு அறிவிக்கையை உயர் நீதிமன்றம் 2021-இல் நீக்கியது. ஆந்திர எல்லைக்குள் நகரியிலும் புத்தூரிலும் இருந்த தமிழர்களுக்கு மூடப்பட்டிருந்த கட்டணப் போட்டி, சில கிலோமீட்டர் தள்ளித் தமிழ்நாட்டின் திருத்தணியில் இருந்தவர்களுக்குத் திறந்திருந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் கேமிங் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் நாடு முழுவதற்கும் தடை செய்தது. நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. பெரிய செயலிகள் கட்டணப் போட்டிகளை நிறுத்தி இலவச வடிவத்துக்கு மாறின.

எல்லையோரத்தில் வாழும் நமக்கு இதன் பொருள் இன்னும் நெருக்கமானது. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை உள்ளதால், சீட்டு வாங்குவதற்கென்றே வாளையாறுக்கும் கோபாலபுரத்துக்கும் வருகிறவர்களை நாம் ஆண்டுக்கணக்கில் பார்த்துவருகிறோம். சிறு தொகை எப்படிப் பழக்கமாகிறது, பழக்கம் எப்படிக் கடனாகிறது என்று நம் ஊர்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எனவே எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தாலும் தலைக்கு நூறு ரூபாய் போட்டு வென்றவர் எடுத்துக்கொள்வது என்ற வழக்கத்தை முதல் நாளே ஒதுக்கிவிடவேண்டும் என்று வலியுறுத்துகிறேன். ஆண்டுக்கு ஒருவர் வீட்டிலிருந்து அடுத்தவர் வீட்டுக்குப் போகும் ஒரு கோப்பை போதும்.

நாமே நடத்தும் ஐபிஎல் ஏலம்

நான்காவது வழிக்கு எந்தச் செயலியும் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நீளமான மேசை, அணிகளின் பெயர்ப் பட்டியல், கணக்கு எழுத நம்பகமான ஒருவர் ஆகியவை போதும். ஒவ்வொருவரும் 100 புள்ளிப் பணத்தோடு தொடங்கி, முறைவைத்து ஒரு பெயரைச் சொல்ல, அதிகம் கேட்டவருக்கு அந்த ஆட்டக்காரர். ஓக்ரன்ட் குழுவினர் 1980-இல் செய்ததற்கு மிக நெருங்கியது இதுவே.

எத்தனை பேர் சேரலாம் என்பதை முதலில் தீர்மானிக்கவேண்டும். பத்து அணிகளில் ஓர் அணிக்கு அதிகபட்சம் 25 பேர் என்றால் 250 பெயர்கள் வரை இருக்கும். ஆனால் ஓர் ஆட்டத்தில் இறங்குவது, நடுவில் மாற்றாக வரும் இம்பாக்ட் பிளேயரையும் சேர்த்து, அணிக்குப் பன்னிரண்டு பேர்தான். ஆகவே பயன்தரும் ஆட்டக்காரர்கள் சுமார் 120 பேர். எட்டுப் பேர் தலைக்கு 12 என எடுத்தால் 96. எல்லோருக்கும் நல்ல அணி அமையும், மாற்று ஆட்களும் சிலர் மிஞ்சுவார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் தலைக்கு எட்டோ ஒன்பதோதான் தரமுடியும். ஒரு பெயருக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 96 பெயர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். தேநீருக்கும் வாக்குவாதத்துக்கும் சேர்த்து ஒரு முழு மதியத்தை ஒதுக்கவேண்டும்.

ஏலத்தில் ஒரு விதி கட்டாயம் வேண்டும்: மீதமுள்ள ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு புள்ளிப் பணமாவது கையில் நிறுத்திக்கொண்டே கேட்கவேண்டும். 12 இடங்களுக்கு 100 வைத்திருப்பவர் முதல் ஆட்டக்காரருக்கு 89-க்கு மேல் கேட்கக்கூடாது. இல்லாவிட்டால் நண்பர் ஒருவர் மூன்று நட்சத்திர ஆட்டக்காரர்களோடும் காலி மடியோடும் மாலையை முடிப்பார். தொடக்கத்தில் விலை ஏறுவதும், முடிவில் பணம் மிஞ்சியவர்களுக்கு நல்ல ஆட்டக்காரர்கள் மலிவாகக் கிடைப்பதும் எல்லா ஏலங்களிலும் காணக்கூடியவை. ஆயினும் பணத்தைக் கடைசிவரை கட்டிவைத்திருப்பதால் பயனில்லை. மிஞ்சிய பணத்துக்குப் புள்ளி கிடையாது.

புள்ளி முறையை வகுக்கும்போது பந்துவீச்சாளருக்கு அநீதி நேராதபடி பார்க்கவேண்டும். 2025 ஐபிஎல்லில் அதிக ஓட்டங்கள் எடுத்தவர், சென்னைக்காரரானாலும் குஜராத் அணிக்கு ஆடிய சாய் சுதர்சன், 759 ஓட்டங்கள். அதிக விக்கெட் எடுத்தவர் பிரசித் கிருஷ்ணா, 25 விக்கெட்டுகள். ஓட்டத்துக்கு ஒரு புள்ளி, விக்கெட்டுக்கு 10 என்று வைத்தால் ஒருவருக்கு 759, மற்றவருக்கு 250; அப்படிப்பட்ட லீக்கில் பந்துவீச்சாளரை யாரும் கேட்கமாட்டார்கள். விக்கெட்டுக்கு 25 என்றால் 625 ஆகிறது, 30 என்றால் 750. ஆகவே 25-க்கும் 30-க்கும் இடையில் ஓர் எண்ணை வைத்து, கேட்சுக்கு 8 சேர்த்தால் போதும். ஸ்ட்ரைக் ரேட், எகானமி என்று நுணுக்கமாகப் போவது கணக்கு எழுதுபவரைத்தான் சோர்வடையச் செய்யும்.

கணக்கு எழுதுபவரே இந்த வடிவத்தின் பலமும் பலவீனமும். லீக் சுற்றில் 70 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் என்றாலும் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரத்தை அவர் மற்றவர்களுக்காகச் செலவிடுகிறார். இருவர் வாரம் மாற்றி வாரம் பகிர்ந்துகொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் வாட்ஸ்அப் குழுவில் அட்டவணையை வெளியிடுவது நல்லது. லீக் சுற்று முடியும்போதே நம் போட்டியையும் முடித்துவிடவேண்டும். கடைசி நான்கு ஆட்டங்களில் நான்கு அணிகள் மட்டுமே இருப்பதால், அவற்றின் ஆட்டக்காரர்களை வைத்திருப்பவருக்கு உழைக்காத பலன் கிடைத்துவிடும். காயம்பட்டவருக்கு மாற்றாக யாரும் எடுக்காத ஒருவரைச் சேர்க்கும் விதியும் வேண்டும். 2025-இல் இந்தியா-பாகிஸ்தான் எல்லைப் பதற்றம் காரணமாக மே 9 அன்று நிறுத்தப்பட்ட ஐபிஎல் 17-ஆம் தேதி மீண்டும் தொடங்கியபோது வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் சிலர் திரும்பவில்லை. அத்தகைய நிலைக்கு முன்கூட்டியே எழுதிய விதி இல்லாவிட்டால் நட்பே சோதனைக்குள்ளாகும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

இந்த நான்கையும் நான் எடைபோடும் முதல் கேள்வி, பிழை செய்தவருக்குத் திருத்திக்கொள்ள எத்தனை வாய்ப்பு உண்டு என்பது. புதியவர் முதல் மாதத்தில் தவறான ஆட்டக்காரர்களை எடுப்பார், அது உறுதி. பொது வடிவத்தில் வாரம் ஒரு மாற்றமும், முழு அணியையும் ஒரே முறையில் மாற்றும் வாய்ப்பும் அவரைக் காப்பாற்றுகின்றன. ஏலத்தில் தவறு இரண்டு மாதம்தான் நீடிக்கும். டிராஃப்டில் மே மாதம் வரை வலிக்கும். ஒரே ஆட்டத்துக்கான அணியில் திருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து, குழுவில் எல்லோரும் எதைப் பார்க்கிறார்கள் என்பதைக் கேட்கவேண்டும். கொழிஞ்சாம்பாறையில் பத்துப் பேர் கூடினால் ஐவர் வார இறுதியில் பிரீமியர் லீக் பார்ப்பவர்களாகவும், மற்றவர்கள் கிரிக்கெட்டை மட்டும் பின்தொடர்பவர்களாகவும் இருப்பது இயல்பு. பார்க்காத விளையாட்டில் ஃபேன்டசி அணி வைப்பது எண்களைப் புரட்டுவதோடு நின்றுவிடும். அதில் மனம் ஒன்றாது. செங்கோட்டை, கூடலூர், ஓசூர் பக்கத்துக் குழுக்களில் கிரிக்கெட் பார்ப்பவர்களே மிகுதியாக இருந்தால் அவர்கள் தயங்காமல் ஏலத்தோடு தொடங்கலாம்.

நம் பாலக்காட்டு ஓரத்துக்கு என் பரிந்துரை, ஆகஸ்டில் பிரீமியர் லீக்கின் பொது வடிவம். கணக்கைத் தளமே பார்த்துக்கொள்கிறது. எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம். இடையில் சேர்பவருக்கும் இடையில் விலகுபவருக்கும் இடமுண்டு. செய்திக்கு மலையாள நாளேடு வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் உள்ள தளத்தைத் தயக்கத்தோடு பார்ப்பவர்களுக்கு முதல் இரண்டு வாரம் ஒருவர் அருகில் அமர்ந்து காட்டினால் போதும். கால்பந்து பார்க்காத நண்பர்களை இதில் வற்புறுத்திச் சேர்க்கவேண்டாம். அவர்களுக்காக மார்ச் மாதத்தில் ஏலத்தை நடத்தலாம். அடுத்த ஆகஸ்டுக்குள் ஆறு முதல் எட்டுப் பேர் ஆர்வம் குறையாமல் நின்றால், அவர்கள் மட்டும் டிராஃப்டுக்குப் போகலாம். மூன்றாவது வழி, இலவசமாக இருந்தாலும், ஒரு குழுவின் முதல் தேர்வாக இருப்பதற்குத் தகுதியானதாக எனக்குத் தோன்றவில்லை.

பொது வடிவத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஜூலையில் தளம் திறந்ததும் ஒருவர் தனி லீக்கை உருவாக்கி, அதன் குறியீட்டை மற்றவர்களுக்கு அனுப்பவேண்டும். உருவாக்கும்போதே எந்தச் சுற்றிலிருந்து புள்ளிகளை எண்ணவேண்டும் என்பதைத் தெரிவுசெய்ய முடியும். எல்லோரும் கூடுவதற்குத் தாமதமானால் மூன்றாம் அல்லது நான்காம் சுற்றிலிருந்து தொடங்குவது, முன்பே சேர்ந்தவருக்கும் பிறகு வந்தவருக்கும் ஒரே கோட்டைத் தரும். முதல் அணியில் விலை மிகுந்த இருவர், தவறாமல் 90 நிமிடம் ஆடும் நடுத்தர விலையாளர்கள் ஒன்பது பேர், பெஞ்சுக்கு மலிவான நால்வர் என்று வைத்துக்கொண்டால் பணம் நெருக்காது. பெஞ்சில் இருப்பவர்களில் ஒருவராவது தம் கிளப்பில் வழக்கமாகக் களமிறங்குபவராக இருக்கட்டும். டிசம்பர் கடைசியில் ஆட்டங்கள் நெருங்கி வரும்போது அணிகள் ஆட்களை மாற்றி மாற்றி இறக்கும், அப்போது அந்த ஒருவர் தேவைப்படுவார்.